பிள்ளைமீது வழக்காடுவதா முதியோரின் உரிமை?

ஆண்டுதோறும் ஒக்டோபர் முதலாந் திகதி வந்தால் நம் ஊர்களிலே முதியோர் தினம் கொண்டாடப்படுகின்றது. சனசமூக நிலைய முன்றிலிலே பந்தல் இடுவார்கள். எண்பது வயதுக் கிழவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். பிரதம விருந்தினர் மூத்தோர் சொல்லையும் முதுநெல்லிக்காயையும் நினைவூட்டி அரைமணி நேரம் பேசுவார். கிழவர் பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துவிச்சக்கர வண்டியைத் தள்ளியபடி வீடு திரும்புவார். மறுநாட் காலையில் மருந்துக்குரிய காசுக்கு அவர் யாரிடம் போவார் என்று அந்தப் பந்தலில் ஒருவரும் கேட்பதில்லை. யாம் அதனைத்தான் கேட்க விரும்புகின்றோம்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்நாட்டு மக்களுள் 60 வயதும் அதற்கு மேலும் உடையோர் நூற்றுக்கு 6.6 பேர். 2012 இல் அது 12.4 ஆயிற்று. 65 வயதும் அதற்கு மேலும் உடையோரை மாத்திரம் எடுத்துக்கொண்டால், 2012 இல் 7.9 ஆக இருந்த வீதம் 2024 ஆம் ஆண்டு மதிப்பில் 12.6 ஆக உயர்ந்துள்ளது. பிரான்சு தேசத்திலே இவ்வீதம் 7 இலிருந்து 14 ஆவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன. அந்த நூறு ஆண்டுகளில் அவர்கள் தொழிற்சாலைகளைக் கட்டினார்கள்; காப்புறுதியையும் இளைப்பாற்றுச் சம்பளத்தையும் சட்டமாக்கினார்கள்; அதன் பின்னரே முதுமையை எதிர்கொண்டார்கள். நமக்கோ, அவர்கள் நடந்த தூரத்தின் பெரும்பகுதி பன்னிரண்டே ஆண்டுகளில் கடந்துபோயிற்று. செல்வம் வருமுன் நரை வந்துவிட்டது.

தொட்டிலின் கதையும் இதுவே. 2019 இல் இலங்கையிற் பதிவான பிறப்புக்கள் ஏறக்குறைய 3 இலட்சத்து 19 ஆயிரம். 2024 இல் அவை 2 இலட்சத்து 20 ஆயிரமளவில் வந்து நின்றன. இன்று பிறவாத பிள்ளை இன்னும் இருபது ஆண்டுகளில் வரி செலுத்தப் போவதில்லை. சேமலாப நிதிக்குப் பணங் கட்டப் போவதில்லை. தாயின் கட்டிலருகே இருக்கப் போவதுமில்லை.

மக்கள் நீண்ட காலம் வாழ்வதனை ஒரு கேடு என்று யாம் கூறவில்லை. இலவச மருத்துவமும் பெண் கல்வியும் இந்நாட்டுக்கு ஈட்டித் தந்த வெற்றி அது. வென்ற வெற்றிக்கு விலை கொடுக்க அரசு ஆயத்தமாக இல்லை என்பதே எமது குற்றச்சாட்டு.

இனி, நம் பகுதிக்கு வருவோம். நாடு முழுவதற்கும் உள்ள சுமை நமக்கு இரட்டைச் சுமை. யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை, பின்னர் தனி மாவட்டமாகிய கிளிநொச்சியை நீக்கிப் பார்த்தால், 1981 இல் 7 இலட்சத்து 38 ஆயிரம். 2012 இல் அது 5 இலட்சத்து 84 ஆயிரத்துக்குக் கிட்டியது. முப்பது ஆண்டுகளில் உலகத்து ஊர்களெல்லாம் பெருக, எம்மூர் சிறுத்தது. போரிலே மாண்டோர் பலர். 1983 ஆடிக்குப் பின் கடல் கடந்தோர் பலர். போனவர் பெரும்பாலும் இளையர்; எஞ்சியவர் அவரைப் பெற்றவர். போர் முடிந்த பின்னரும் இவ்வோட்டம் நின்றபாடில்லை. நாடு முறிந்த 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் இத்தீவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கெனப் பதிவு செய்து புறப்பட்டோர் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோராவர்.

சனம் குறைந்தால் குரலும் குறையும். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 1989 இல் 11 பாராளுமன்ற ஆசனங்கள் இருந்தன. 2010 இல் 9. 2015 இல் 7. 2024 இல் 6. வாக்காளர் இடாப்புச் சுருங்கச் சுருங்க ஆசனமும் சுருங்கிற்று. முதுமையைப் பற்றிய கட்டுரையில் ஆசனக் கணக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். கிழவரும் கிழவியும் மாத்திரம் வாழும் ஊரின் சார்பிற் பேசுவதற்குப் பாராளுமன்றத்தில் ஆள் குறைந்துகொண்டே போகின்றது என்பதற்காகவே அதனைக் குறித்தோம்.

வலிகாமத்துச் செம்மண்ணிலே ஒரு காலை நடந்து பாருங்கள். வெங்காயத் தறையில் மண்வெட்டியோடு நிற்பவருக்கு வயது அறுபத்தைந்து. வாழைக்குப் பாத்தி கட்டுபவருக்கு எழுபது. மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகின்றான். நீரிறைக்கும் இயந்திரமும் வாங்கித் தந்திருக்கின்றான். ஆயின் இயந்திரத்தை எடுத்துக் கிணற்றடியில் வைப்பதற்கு ஒரு கை வேண்டுமே! கூலிக்கு ஆள் கேட்டால் நாளை என்பார்கள், நாளன்றைக்கு என்பார்கள். அதற்குள் பயிர் வாடிவிடும். அடுத்த போகத்தில் கமக்காரர் பாதித் தறையிற் செய்வார். அதற்கடுத்த போகத்தில் கறிக்கு மாத்திரம் நாலு கத்தரி நடுவார். இவ்வாறுதான் ஒரு தோட்டம் பற்றைக்காடாகின்றது. ஒரே நாளில் யாரும் கமத்தைக் கைவிடுவதில்லை.

பக்கத்துத் தறையில் இளைஞன் ஒருவன் நிலமின்றி நிற்கின்றான் என்பது இதிலும் கொடுமை. நிலத்துக்காரர் ரொறொன்ரோவில் இருக்கின்றார். குத்தகைக்குக் கொடுத்தால் ஆட்சி உரிமை கொண்டாடிவிடுவான் என்று அஞ்சுகின்றார். இவ்வச்சம் பெரும்பாலும் வீண் அச்சம். காலமும் கூலியும் குறித்து முறையாக எழுதிப் பதிந்த குத்தகை உறுதி இருக்குமாயின், குத்தகைக்காரன் உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவனேயன்றி அவருக்கு எதிராக ஆட்சி செய்பவன் ஆகான். வயல் நிலத்துக்கு மாத்திரம் 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் குத்தகைக் கமக்காரனுக்குத் தனிப் பாதுகாப்புத் தருகின்றது. அதனை ஆராய்ந்தே எழுத வேண்டும். தோட்டத் தறைக்கு அத்தடையும் இல்லை. நொத்தாரிசுமார் இதனை எடுத்துச் சொன்னாற் பல தறைகள் மீண்டும் பச்சை காணும்.

இனி, எமது தொழிலோடு ஒட்டிய கருமத்துக்கு வருகின்றோம். நம் முன்னோர் முதுமைக்கு என்ன பாதுகாப்பு வைத்திருந்தனர்? காணியே அவர்களது காப்புறுதி. 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்த உத்தியோகத்தராகிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்து, பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் சரிபார்த்த தேசவழமைக் கோவையைப் புரட்டிப் பாருங்கள். முதுமையால் ஆதனத்தைப் பராமரிக்க இயலாத பெற்றோர் அதனைப் புதல்வருக்குப் பகிர்ந்து கொடுப்பதும், புதல்வர் அவரை இறுதிவரை தாங்குவதும் அங்கே வழமையாகக் காணப்படுகின்றன. அத்துடன் அக்கோவை நிற்கவில்லை. சொத்தைப் பெற்ற பின் பெற்றோரைப் பட்டினி போடும் புதல்வரும் உண்டு என்பதையும், அவ்வாறு நேர்ந்தாற் கொடுத்ததைப் பெற்றோர் மீள எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் அது சொல்லிவைத்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் எல்லாப் பிள்ளைகளும் உத்தமராக இருந்தனர் என்று மேடையிற் பேசுவோர் இப்பகுதியை ஒருமுறை வாசிப்பது நன்று! நம் முன்னோர் பிள்ளைகளை நம்பினார்கள். ஆயினும் நம்பிக்கையை உறுதியில் எழுதியும் வைத்தார்கள்.

இன்றோ நடப்பது என்ன? மகளுக்குச் சீதனம் என்றும், மகனுக்கு வெளிநாட்டுப் பயணச் செலவு என்றும் பெற்றோர் நன்கொடை உறுதியில் ஒப்பமிடுகின்றனர். சீவிய உருத்தை ஒதுக்கி எழுதுவோமா என்று நொத்தாரிசு கேட்டால், சம்பந்தி என்ன நினைப்பார் என்று தாய் தயங்குகின்றார். அந்த ஒரு வரி விடுபட்டுப் போகின்றது. பின்னர் அவ்வீடு ஈடு வைக்கப்படுகின்றது, அல்லது விற்கப்படுகின்றது; கட்டியவர் தம் வீட்டிலே பிறர் தயவில் இருப்பவராகின்றார். கொடுத்ததை மீட்கச் சட்டம் இல்லையா எனின், உண்டு. மீளப்பெற முடியாத நன்கொடையையும் பெரும் நன்றிகேட்டின் காரணமாக இரத்துச் செய்யலாம். ஆனால் 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அதற்கு மாவட்ட நீதிமன்றில் வழக்காட வேண்டும். மாவட்ட நீதிமன்றக் காணி வழக்கு எத்தனை ஆண்டுகள் ஓடும் என்பதை வாசகருக்கு யாம் சொல்லத் தேவையில்லை. எழுபத்தெட்டு வயது வழக்காளிக்கு நீதிமன்று தவணை கொடுக்கும்; காலன் தவணை கொடுப்பானா?

இதனினும் பெரிய வேடிக்கை ஒன்றுண்டு. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி அரசாங்கம் பெருமையோடு பேசுகின்றது. அதன்கீழ்த் தேசிய சபை உண்டு, செயலகம் உண்டு, பராமரிப்புச் சபையும் உண்டு. தம்மைத் தாமே பராமரிக்க முடியாத முதியவர் அச்சபைக்கு விண்ணப்பித்துத் தம் பிள்ளையிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரலாம். சட்டம் படித்தவர் என்ற முறையில் அதன் நோக்கத்தை யாம் குறைகூறவில்லை. அது யாருக்கு எதிராக உரிமை தருகின்றது என்பதைக் கவனியுங்கள். பிள்ளைக்கு எதிராக! அரசுக்கு எதிராக ஒரு சல்லிக்கேனும் அச்சட்டத்தின்கீழ் முதியவர் உரிமை கோர முடியாது.

எந்தத் தாய் மகனைச் சபையில் நிறுத்துவாள்? அவள் பட்டினி கிடப்பாள். அயலார் கேட்டால் மகன் போன கிழமையும் காசு அனுப்பினவன் என்பாள். துணிந்து நிறுத்தினாலும், பாரிசில் அகதி விண்ணப்பத்தோடு அறையொன்றில் ஆறு பேராய்க் கிடக்கும் மகனிடம் இச்சபையின் கட்டளை எவ்வாறு சென்று சேரும்? இனி, பிள்ளையே இல்லாதவரின் நிலை என்ன? முள்ளிவாய்க்காலில் மகனைப் பறிகொடுத்த தாய் யாரை எதிராளியாகக் குறிப்பாள்? 2017 பெப்புருவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் இருந்து, காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகள் எங்கே என்று கேட்ட பெற்றோருட் பலர் விடை பெறாமலே இறந்துபோயினர். முதுமையிற் சோறிட வேண்டிய பிள்ளையை இழந்தவருக்கு, பிள்ளையிடம் சோறு கேள் என்று சொல்லும் சட்டத்தை உரிமைச் சட்டம் என்று எவ்வாறு அழைப்பது?

அரசு தன் கடமையை அறியாததன்று. தன் உத்தியோகத்தருக்கு அது கடமையைச் செய்தே வருகின்றது. ஓர் ஒழுங்கையில் இரு வீடுகள். ஒன்றிலே இளைப்பாறிய ஆசிரியர், மற்றதிலே கமக்காரர். ஆசிரியருக்கு மாதந்தோறும் இளைப்பாற்றுச் சம்பளம் வருகின்றது. அவர் காலத்துக்குப் பின் மனைவிக்கும் ஒன்று உண்டு. அது அவர் உழைத்துப் பெற்ற உரிமை. அதில் ஒரு சதமும் குறையலாகாது. வேலிக்கு அப்பால் இருப்பவர் நாற்பது ஆண்டுகள் வெங்காயமும் மிளகாயும் விளைவித்துச் சந்தைக்கு அனுப்பினார். அவருக்கு என்ன வருகின்றது? அரைக்காசு என்றாலும் அரசாங்கக் காசு என்று நம்மவர் பிள்ளைகளை உத்தியோகத்துக்கே துரத்தியதை நாம் பரிகசிப்பதுண்டு. முதுமையில் நின்று பார்த்தால் அது பரிகாசத்துக்குரியதாகத் தோன்றவில்லை.

கமக்காரருக்கென 1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் ஓர் ஓய்வூதியத் திட்டத்தை ஏற்படுத்தியது உண்மையே. கமக்காரர் தவணைப் பணங் கட்டவேண்டும். முதுமையில் மாதந்தோறும் ஒரு தொகை பெறவேண்டும். அத்திட்டம் பிறந்த அதே ஆண்டில் வடமராட்சியிலே படை நடவடிக்கை நடந்தது. ஒக்டோபரில் இந்தியப் படையுடன் யாழ்ப்பாணத்திற் போர் மூண்டது. குண்டு விழும் ஊரிலே தவணைச் சீட்டோடு வரிசையில் நிற்கும் நிலையிலா நம் கமக்காரர் இருந்தனர்? தெற்கிலே ஒழுங்காகக் கட்டியவருக்கும் நிம்மதி கிட்டவில்லை. 2012 அளவில் நிதி வற்றிக் கொடுப்பனவு தடைப்பட்டது. 2014 இல் திறைசேரிப் பணத்தைக் கொண்டே அது மீளத் தொடங்கிற்று. பலருக்கு மாதம் கிடைத்தது 1,000 ரூபா. சிங்களக் கமக்காரரும் தமிழ்க் கமக்காரரும் ஒரே கலப்பையிற் பூட்டப்பட்ட இடம் இதுவென்க.

மலையகத்தில் உழைத்துத் தேய்ந்தோர் நிலை வேறு விதம். அவருக்கு 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஊழியர் சேமலாப நிதி உண்டு. தொழிலாளி நூற்றுக்கு 8, முதலாளி 12 கட்டுகின்றனர். ஆனால் அது மாதச் சம்பளமன்று. ஒரே முறையிற் கைக்கு வரும் தொகை. மகளின் கலியாணத்திலும் பழைய கடனிலும் அது கரைந்துபோகின்றது. யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு எழுதிக் கொடுக்கக் காணியாவது உண்டு. லயத்து அறைக்கு உறுதி ஏது? எழுதிக் கொடுக்க ஒன்றுமில்லாத முதுமை அது.

சேமித்து வைத்தவரும் தப்பவில்லை. முதியோரின் நிலையான வைப்புக்கு 15 இலட்சம் ரூபா வரை நூற்றுக்கு 15 வட்டி தரும் திட்டம் ஒன்று இருந்தது. முழுத் தொகையையும் வைத்தவருக்கு மாதம் 18,750 ரூபா வரும். அத்திட்டம் 2022 ஒக்டோபரில் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்திய செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின் ஏற்றம் நூற்றுக்கு எழுபதை எட்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மாதத்தைக் கணக்கிட்டு வாழ்ந்த ஓர் இளைப்பாறிய எழுதுவினைஞர் ஒரே ஆண்டில் ஏழையானது இவ்வாறே. வறிய குடும்பங்களிலுள்ள 70 வயது கடந்தோருக்கான கொடுப்பனவு 2025 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தால் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ஆக உயர்த்தப்பட்டது. வரவேற்கின்றோம். ஆயினும் நாளொன்றுக்கு அது 166 ரூபா என்பதையும், அதனைப் பெறுவதற்கு முதியவர் தாம் ஏழை என்று படிவத்தில் எழுதி நிரூபிக்க வேண்டும் என்பதையும் மறக்கவியலாது. கல் வீடு இருக்கின்றது என்பதற்காகத் தள்ளப்பட்டவர் எத்தனை பேர்! அந்த வீடு மகள் பெயரில் இருக்கின்றது. மகள் கனடாவில் இருக்கின்றாள். கிழவி திண்ணையில் இருக்கின்றாள்.

எமது கோரிக்கை ஒன்றே. பிள்ளை உண்டா, வீடு கல்லா ஓலையா என்று கேளாமல், குறித்த வயதைக் கடந்த, வேறு இளைப்பாற்றுச் சம்பளம் இல்லாத ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் அரசு கொடுக்கும் பணம் சட்டத்தால் உரிமையாக்கப்பட வேண்டும். விலைவாசி ஏறும்போது அதுவும் ஏற வேண்டும். திறைசேரியில் பணமில்லை என்பர். நேபாளம் நம்மிலும் வறிய நாடு. அந்நாடு 1995 இலேயே 75 வயது கடந்தோருக்கு மாதக் கொடுப்பனவைத் தொடங்கிற்று. பின்னர் வயதைக் குறைத்துத் தொகையையும் கூட்டிற்று. இலங்கையிலோ 2019 இறுதியில் வரிகளைத் தாராளமாகக் குறைத்தார்கள். 2022 அளவில் அரசின் வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு எட்டளவுக்கு வீழ்ந்தது. பணம் இல்லாமற் போகவில்லை. வாங்க வேண்டியவரிடம் வாங்காது விட்டார்கள்.

அரசைக் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. பணம் வந்தாலும் கை வேண்டும் என்று முன்னர்க் கூறினோம். இன்று முதியவரைத் தூக்கி இருத்துபவர் யார்? பெரும்பாலும் பெண், அவரும் அறுபதை நெருங்குபவர். எண்பத்தைந்து வயதுத் தாயை அறுபது வயது மகள் பார்க்கின்றாள். அம்மகளை நாளை யார் பார்ப்பார் என்பதற்கு விடை இல்லை. கைதடியில் அரச முதியோர் இல்லம் உண்டு. ஓர் இல்லம் ஒரு மாகாணத்தைத் தாங்குமா? சமூகசேவை மாகாணத்துக்குரிய துறை. வட மாகாண சபையின் காலமோ 2018 ஒக்டோபரில் முடிந்து, அதன் பின் ஆண்டுக்கணக்கிலே தேர்தலின்றி ஆளுநர் கையிற் கிடந்தது.

1930 களில் மூளாய் ஊரவர் கூட்டுறவு முறையிலே தமக்கென ஒரு வைத்தியசாலையை நிறுவினர். அக்காலத்தில் அவர்களிடம் வெளிநாட்டுக் காசும் இல்லை, கணினியும் இல்லை. இன்று கடல் கடந்த ஊர்ச் சங்கங்கள் இராசகோபுரத்துக்கும் மணிமண்டபத்துக்கும் அள்ளிக் கொடுக்கின்றன. கோபுரம் எழட்டும், யாம் தடுக்கவில்லை. ஆனால் அக்கோயிலின் தேரை இழுக்க வெளியூரிலிருந்து ஆள் பிடிக்க வேண்டிய நிலை வந்தமை அச்சங்கங்களுக்கு ஒன்றும் உணர்த்தவில்லையா? ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கமும் நாலு பெண்களைப் பயிற்றி, ஒழுங்கான சம்பளத்துக்கு அமர்த்தி, ஊரிலுள்ள தனித்த முதியவரைக் காலையும் மாலையும் சென்று பார்க்கச் செய்யலாம். ஒரு மண்டபத்தின் செலவு பல ஆண்டுச் சம்பளத்துக்குக் காணும்.

இவ்விடயத்தில் எம்மோடு உழைக்கும் சட்டத்தரணிகள் சிலர் கிழமைதோறும் ஊர் வாசிகசாலைகளில் இருந்து, கொடுப்பனவு மறுக்கப்பட்டோரின் மேன்முறையீடுகளைக் கட்டணமின்றி எழுதிக் கொடுக்கச் சம்மதித்துள்ளனர். அடையாள அட்டையையும் மறுப்புக் கடிதத்தையும் கொண்டுவாருங்கள். பிள்ளைக்குக் காணி எழுத எண்ணியிருப்போர் உறுதியையும் கொண்டுவாருங்கள், ஒப்பம் வைப்பதற்கு முன்னர்.